பட்டம், சட்டம், பட்டா: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கதை



எங்கள் மானாம்பதிப் பக்கத்தில் ஒரு வீட்டில் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால், மாமியார் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, ஆஸ்பத்திரியில் பதிந்தாச்சா என்பது. பதிந்தால்தான் அரசாங்கப் பணம் வரும். ஏழைத் தாய்மார்களுக்கான அந்த மகப்பேறு நிதியுதவியைத் தமிழக அரசு 1987-இல் ஆரம்பித்தது. 2006-இல் 6,000 ரூபாய், 2011-இல் 12,000, 2018-இல் 18,000 என்று தொகை கூடிக்கொண்டே வந்தது. அந்தத் திட்டத்தின் பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம்.

பணம் வந்ததா என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தப் பெயர் யாருடையது என்று கேட்கிறவர்கள் குறைவு. யாரோ பழைய மந்திரி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களை எனக்கே தெரியும். நம் ஆண்டு மலரைப் படிக்கிற டிப்ளமோ மாணவ மாணவியருக்காவது அந்த அம்மையாரைத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் பெண் முன்னேற்றம் என்று மேடையில் எல்லோரும் பேசுகிறோமே, அதற்கு என்னென்ன தேவை என்பதை அந்த ஒரு வாழ்க்கையில் படித்துக்கொள்ளலாம்.

புதுக்கோட்டையில் ஒரு பெண்பிள்ளை

முத்துலட்சுமி 1886 ஜூலை 30-ஆம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், இசைவேளாளர் குலத்தில், கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கம் இருந்த குடும்பத்தில் பிறந்தவர். இந்தக் கல்யாணத்துக்காகவே அப்பாவின் சொந்தக்காரர்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள். அம்மாவின் குலத்தையோ ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்தது. ஆக, இரண்டு பக்கமும் இடிபட்ட வீட்டில் வளர்ந்த குழந்தை அவர்.

அந்தக் காலத்தில் பெண் பெரியவளானால் படிப்பு முடிந்தது என்று அர்த்தம். முத்துலட்சுமிக்கும் பள்ளிக்கூடக் கதவு அப்படித்தான் மூடியது. வீட்டிலேயே படித்தார். 1902-இல் தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் எழுதிப் பாஸ் செய்தார். அடுத்தது கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்ததோ பையன்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரி. பெண்ணைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. அம்மாவின் குலத்தைச் சொல்லியும் எதிர்த்தார்கள். கடைசியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு அனுமதி கொடுத்தார். அந்தக் கல்லூரிக்குள் மாணவியாக நுழைந்த முதல் பெண் இவர்தான்.

நம்மில் மெக்கானிக்கல் பிரிவில் சேர்ந்த தோழிகளுக்கு இது கொஞ்சம் புரியும். ஒர்க்‌ஷாப்பில் ஃபைலைக் கையில் எடுத்தாலே எல்லாக் கண்ணும் அவள் மேல்தான். இன்றைக்கே இப்படி என்றால், நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் எப்படி இருந்திருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

டாக்டர் பட்டம்

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடம்பு அடிக்கடி படுத்தியது. ஆனாலும் பரீட்சைகளில் பதக்கங்கள் குவிந்தன. 1912-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். நம் நாட்டில் மருத்துவப் பட்டம் பெற்ற ஆரம்பகாலப் பெண்களில் ஒருவர் அவர். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாகவும் வேலை பார்த்தார்.

கல்யாணப் பேச்சு வந்தபோது அவருக்குத் தயக்கம் இருந்தது. 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கைப்பிடித்தார். அதற்கு முன் ஒரு நிபந்தனை வைத்தார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு நிற்காமல் கடைசிவரை நடந்தும் காட்டினார். மாப்பிள்ளை வீட்டார் நிபந்தனை போடுவதையே பார்த்துப் பழகிய நமக்கு, பெண் போட்ட இந்த நிபந்தனை புதுசாகத்தான் தெரியும். அதை வைக்கிற தைரியம் எங்கிருந்து வந்தது? கையில் ஒரு தொழில் இருந்ததிலிருந்து வந்தது.

சட்டசபையில் முதல் பெண்

1917-இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் நடத்திய அந்தச் சங்கத்தில் டாக்டரம்மாவும் சேர்ந்தார். 1921-இல் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. ஆனால் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே ஓட்டு என்பதால், பலன் அடைந்த பெண்கள் கொஞ்சம்தான்.

1925-இல் மேல்படிப்புக்காக இங்கிலாந்து போனார். திரும்பி வந்ததும் சட்டசபை நியமனம் காத்திருந்தது. ஆஸ்பத்திரி வேலை கெட்டுப்போகுமே என்று முதலில் யோசித்தார். தோழிகள் வற்புறுத்திய பிறகே ஏற்றுக்கொண்டார். அப்படித்தான் 1926 முடிந்து 1927 பிறக்கிற சமயத்தில் சென்னை சட்டசபையில் உறுப்பினரானார். பிரிட்டிஷ் இந்தியாவிலேயே சட்டசபைக்குள் போன முதல் பெண். போனவுடனே சபை அவரைத் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது.

இந்த இடத்தில் நம்ம ஊர்ப் பெருமை ஒன்றையும் பார்க்க வேண்டும். மானாம்பதியிலிருந்து பஸ் ஏறினால் உத்திரமேரூர் தூரமில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே 30 குடும்புகளாகப் பிரித்து, பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். உலகமே மெச்சுகிற விஷயம். ஆனால் குடத்தில் பெயர் விழுவதற்குத் தகுதி என்ன தெரியுமா? வரி கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் படிப்பு வேண்டும், வயது 35-லிருந்து 70-க்குள் இருக்க வேண்டும். நிலமில்லாதவருக்கும் பெண்ணுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. பெருமைப்பட வேண்டிய கல்வெட்டுதான். அதோடு, சொத்து இல்லாதவருக்குச் சபையில் குரல் இல்லை என்பதையும் அதே கல்வெட்டு சொல்கிறது. அந்தப் பழைய கணக்கை மாற்றத்தான் டாக்டரம்மா சபைக்குள் போனார்.

சங்கிலி எங்கே இருந்தது?

பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழித்தவர் என்று ஒரு வரியில் அவரைப் பாடப்புத்தகங்கள் முடித்துவிடுகின்றன. அவர் எப்படி ஒழித்தார் என்பதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது.

கோயிலில் பாடவும் ஆடவும் ஊழியம் செய்ய நேர்ந்துவிடப்பட்ட பெண்களுக்குக் கோயில் மானியம் உண்டு. நிலமாகவோ, நில வருமானத்தில் ஒரு பங்காகவோ அது இருக்கும். ஒரு வீட்டுக்கு இரண்டு காணி மானியம் என்று வைத்துக்கொள்வோம். ஊழியம் நடக்கிற வரைக்கும்தான் நிலம். பாட்டிக்குப் பிறகு அம்மா, அம்மாவுக்குப் பிறகு மகள் என்று ஒருத்தியாவது பொட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். மகள் இல்லையென்றால் ஒரு பெண்குழந்தையைத் தத்து எடுத்தாவது கட்ட வேண்டும். இல்லாவிட்டால் சோறு போடுகிற நிலம் போய்விடும். பெண்ணுக்கு இஷ்டமா இல்லையா என்ற கேள்விக்கே அங்கே இடம் கிடையாது.

எனவே வழக்கத்தைத் திட்டிப் பிரசங்கம் செய்தால் மட்டும் நடக்காது என்பது டாக்டரம்மாவுக்குத் தெரியும். 1927-இல் சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1929-இல் இந்து அறநிலையச் சட்டத்தில் அவர் கொண்டுவந்த திருத்தம் நிறைவேறியது. அதன் சாரம் இதுதான்: நிலத்தை ஊழியத்திலிருந்து பிரித்துவிட வேண்டும். இனி அவள் கோயிலில் ஊழியம் செய்ய வேண்டியதில்லை. நிலமோ அவளிடமே இருக்கும். சர்க்காருக்கு ஒரு சிறு வரி கட்டினால் போதும். நில வருமானத்தில் பங்கு மட்டும் வாங்கியவர்களுக்கு ஆயுள்வரை அந்தப் பங்கு கிடைக்கும்.

என்ன அருமையான வழி பாருங்கள்! வயிற்றில் அடிக்காமல் விலங்கை மட்டும் கழற்றுகிற வழி. ஊழியத்தை நிறுத்திவிட்டு நிலத்தையும் பிடுங்கியிருந்தால், அந்தப் பெண்கள் தெருவுக்குத்தான் வந்திருப்பார்கள்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. சாஸ்திரம், சம்பிரதாயம் என்று பேசியவர்கள் ஒரு பக்கம். காந்தியடிகள் போன்றவர்கள் ஆதரவு ஒரு பக்கம். மூன்றாவதாக ஒரு பக்கமும் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலான அந்தக் குலத்துப் பெண்களே சங்கம் கூட்டி மனுக் கொடுத்தார்கள். எங்களுக்குப் படிப்பு உண்டு, சங்கீதம் உண்டு, சொத்துரிமை உண்டு, எங்கள் எல்லோரையும் ஒரே முத்திரையில் அடிக்காதீர்கள் என்பது அவர்கள் வாதத்தின் சுருக்கம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் காலத்தில் மற்றக் குலத்துப் பெண்களுக்குச் சொத்தும் எழுத்தும் அபூர்வம். பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் சிலர், இந்தச் சீர்திருத்தத்துக்குப் பிறகு நிலம் ஆண்கள் கைக்கும், ஆட்டக்கலை வேறு சாதியார் மேடைக்கும் போய்விட்டது, அந்தப் பெண்கள்தான் வெறுங்கையோடு நின்றார்கள் என்று கணக்குப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், அதே வாழ்க்கையில் அகப்பட்டு மீண்டு வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962) ஊர் ஊராகப் போய் அந்த வழக்கத்துக்கு எதிராகப் பேசினார். 1936-இல் அதைப் பற்றி ஒரு நாவலும் எழுதி வெளியிட்டார். ஆக, நல்லது செய்யப் போகிறவர்கள், யாருக்காகச் செய்கிறோமோ அவர்களுக்குள்ளேயே இரண்டு குரல் இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

1930-இல் பொட்டுக் கட்டுவதையே தடை செய்யும் மசோதாவையும் டாக்டரம்மா கொண்டுவந்தார். ஆனால் அந்த வருஷம் மே மாதம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகள் கைதானார். அதைக் கண்டித்துத் தன் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தார். மசோதா கிடப்பில் விழுந்தது. அது சட்டமானது 1947-இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்த காலத்தில். இடையில் 17 வருஷம்! நாம் ஒரு அரியர் விழுந்தாலே மூன்று நாள் சாப்பிடாமல் கிடக்கிறோம்.

சட்டம் போட்டால் போதுமா?

சட்டம் வந்தாச்சு. பொட்டுக் கட்ட மறுத்து ஒரு பெண் வெளியே வருகிறாள். அன்று ராத்திரி அவள் எங்கே படுப்பாள்? மறுநாள் யார் சோறு போடுவது? எந்தப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளும்?

இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. அப்படி வந்த சிறுமிகளை அந்தக் குலத்தின் பெயரைச் சொல்லிச் சேர்க்க மறுத்த விடுதிகள் இருந்தன. அவர்கள் டாக்டரம்மாவின் வாசலுக்கு வந்தார்கள். உள்ளே அழைத்துக்கொண்டார். அதிலிருந்து 1930-இல் பிறந்ததுதான் ஔவை இல்லம். பிறகு அது அடையாறில் வேர்விட்டு வளர்ந்தது. என்ன சாதி, என்ன குலம் என்று கேட்காமல் ஆதரவற்ற பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். தங்க இடம், சாப்பாடு, பள்ளிப் படிப்பு, கைத்தொழில் எல்லாம் அங்கேயே. படித்து ஆசிரியைகளாகவும் நர்ஸுகளாகவும் வெளியே வந்த பெண்கள் தங்கள் குடும்பத்தையே தூக்கி நிறுத்தினார்கள். தமிழுக்கே பாட்டியான ஔவையின் பெயரை அந்த வீட்டுக்கு வைத்ததும் பொருத்தம்தான்.

குழந்தைத் திருமணத்துக்கு எதிராகவும் அவர் போராடினார். 1929-இல் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்தபட்ச வயது வைத்தது. நாட்டின் கல்வி நிலைமையை விசாரித்த ஹார்டாக் குழுவிலும் உறுப்பினராக இருந்து பல மாகாணங்களின் நிலைமையைப் பார்த்தார். ஸ்த்ரீ தர்மம் என்ற பத்திரிகைக்கும் ஆசிரியராக இருந்தார். விடுதலைக்குப் பிறகு 1954-இல் மாநில சமூக நல வாரியத்தின் முதல் தலைவரானார். கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவ உதவி, குழந்தைகளுக்குப் பால்வாடி, கைத்தொழில் பயிற்சி என்று வாரியங்கள் வேலை செய்த காலம் அது. இன்றைக்கு ஊருக்கு ஊர் இருக்கிற மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தருமபுரியில் துவங்குவதற்கு முப்பது வருஷத்துக்கும் முந்திய முயற்சி!

தங்கை விட்டுப்போன வேலை

அவருடைய தங்கை ஒருத்தி புற்றுநோயால் இறந்தார். முதலில் அது சீதபேதி என்று நினைத்து வைத்தியம் செய்தார்களாம். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தான் டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லையே என்ற வலி அவரை விடவில்லை. புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று 1935-இலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். பிழைக்காத நோய்க்கு எதற்குச் செலவு என்று நினைத்த அதிகாரிகளும் இருந்தார்கள். மாதர் சங்கத்தின் பெயரில் நிதி திரட்டினார். 1952-இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் தேதி அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறந்தது. டாக்டரம்மாவின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை ஆசியாவில் பெயர் சொல்லும் நிலையமாக்கினார்கள்.

1956-இல் பத்மபூஷண் விருது வந்தது. 1968 ஜூலை 22-ஆம் தேதி, 82-ஆவது பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது, டாக்டரம்மா கண்மூடினார்.

நமக்கு என்ன?

தோழிகளே, உங்களில் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து இங்கே வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறதல்லவா? புதுமைப் பெண் என்று நாம் சொல்கிற அந்தத் திட்டத்தின் முழுப் பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி ஆரம்பமானது. முத்துலட்சுமி அம்மையார் பெயரில் பிரசவப் பணம், இராமாமிர்தம் அம்மையார் பெயரில் படிப்புப் பணம். ஒரே போராட்டத்தில் நின்ற இருவர் பெயரும் நம் வீட்டுப் பாஸ் புத்தகம் வரைக்கும் வந்திருக்கிறது.

அந்தப் பணம் அப்பா கணக்கில் போடப்படுவதில்லை. பெண்ணின் சொந்தக் கணக்கில்தான் விழுகிறது. 1929-இல் நிலத்தை அவளிடமே விடு என்று டாக்டரம்மா கேட்டதும் இதே தத்துவம்தான். சம்பாத்தியம் வேறு, சம்பாத்தியம் தன் கையில் இருப்பது வேறு. விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து ஒரகடத்துக்கும், ஸ்ரீபெரும்புதூருக்கும், செய்யாறு சிப்காட்டுக்கும் போகிற நம் பக்கத்துப் பெண்கள் எத்தனை பேர்! மாசம் முடிந்தால் சம்பளம் வருகிறது. ஏ.டி.எம். கார்டு யார் சட்டைப் பையில் இருக்கிறது என்பதையும் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள்.

சொத்து விஷயமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 1989-இலேயே குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. 2005-இல் நாடு முழுக்க வந்தது. ஆனால் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் போய் நின்றால் தெரியும். அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க அக்கா தங்கைகள் வரிசையில் நிற்கிறார்கள். கேட்டால், பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடக் கூடாதே என்பார்கள். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் வந்தது. தலைவர் நாற்காலியில் மனைவி, கையெழுத்துக்கு மட்டும் என்று கணவர் நடத்துகிற இடங்களும் இருக்கின்றன. சட்டம் பாதி வேலையைத்தான் செய்யும். மீதி வேலை வீட்டுக்குள்ளே நடக்க வேண்டும்.

நண்பர்களே, ஆண்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. சுந்தர ரெட்டி என்ற மனிதரை மறந்துவிடாதீர்கள். ஒப்புக்கொண்ட நிபந்தனையைக் காப்பாற்றியதுதான் அவர் செய்த பெரிய காரியம். மகளை ஆண்கள் கல்லூரிக்கு அனுப்பத் துணிந்த நாராயணசாமி ஐயரையும் மறக்க வேண்டாம். நாளைக்கு நாம் அண்ணனாக, கணவனாக, அப்பாவாக நிற்கும்போது இந்த இருவர் செய்ததில் பாதி செய்தாலே போதும்.

தோழிகளே, மூன்று வருஷம் முடிந்து டிப்ளமோ கைக்கு வரும். அதை லேமினேஷன் போட்டு பீரோவில் வைத்துவிடாதீர்கள். வேலைக்குப் போங்கள். சம்பளக் கணக்கை உங்கள் பெயரில் வையுங்கள். பங்கு என்று வரும்போது, படித்துப் பார்க்காமல் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். கல்யாணப் பேச்சு வந்தால் நீங்களும் ஒரு நிபந்தனை சொல்லுங்கள். அடுத்த தடவை ஊரில் யாராவது மகப்பேறு பணத்துக்குப் பதிய ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது, கூடப் போய், அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று இரண்டு நிமிஷம் சொல்லுங்கள்.

வாழ்க பெண்மை! வளர்க நம் கல்லூரி!